பிடுங்கிய ஒயர்

அந்த ஆள் மஃப்டி போலீஸ்தான். வீரணனுக்குத் துளிகூடச் சந்தேகமில்லை. ஒட்ட வெட்டிய முடி, காலில் பிரவுன் ஷூ. மேடையில் பேசுகிறவரை விட்டுவிட்டு, கீழே இருந்த ஆம்ப்ளிஃபயரையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

மைக் செட் வீரணனுடையது. உசிலம்பட்டிப் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவனுக்கு அந்த ஆம்ப்ளிஃபயர்தான் சோறு. போன வருஷம் ஒரு கூட்டத்தில் யாரோ எதையோ உளறிவைக்க, இது ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. திருவிழா சீசன் முழுக்க கையைப் பிசைந்துகொண்டு வீட்டில் கிடந்தான்.

இன்றைக்கும் வில்லங்கமான கூட்டம்தான். கரண்ட் பில் ஏற்றத்தைப் பற்றி அமைச்சரைக் குடைந்து குடைந்து கேட்ட ஒரு செய்திச் சேனலை, மேலிடத்து உத்தரவு என்று கேபிளிலிருந்தே தூக்கிவிட்டார்கள். அதைக் கண்டித்து பனியன் கம்பெனி முதலாளி தங்கதுரை போட்ட கூட்டம். ஆள் சேர்க்க வேண்டுமே, மதியத்தோடு கம்பெனிக்கு லீவு விட்டு அத்தனை பேரையும் வேனில் ஏற்றி வந்திருந்தார்.

நன்றாகத்தான் பேசினார் மனுஷன். இன்றைக்கு வாயைப் பொத்துகிறவர்கள் நாளைக்கு மூக்கையும் பொத்துவார்கள் என்றார். வீரணனுக்கே புல்லரித்தது. ஆனாலும் ஒரு கண் அந்த பிரவுன் ஷூ மேலேயே இருந்தது. பாவி, இன்னும் இரண்டடி கிட்டே வந்துவிட்டான்.

கடைசியில் தங்கதுரை, தன் கம்பெனி டெய்லர் நதியாவை மேடைக்குக் கூப்பிட்டார்.

"மனசுல இருக்கறதப் பயப்படாமப் பேசு கண்ணு."

மைக்கை அவளிடம் கொடுத்துவிட்டு, தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கினார். தண்ணீர்க் கேன் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில்தான் இருந்தது.

"அந்தச் சேனல்காரங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன். இப்ப அது வரல, அதனால இங்கயே சொல்றேன்," என்றாள் நதியா. "எங்க கம்பெனில லேடீஸ் கக்கூஸப் பூட்டி வச்சிருக்காங்க. சாவி சூப்பர்வைசர்கிட்ட. அவசரம்னு போய்க் கேட்டா..."

அவள் சொன்னதில் வீரணன் ஒரு நிமிஷம் பிரவுன் ஷூவை மறந்துவிட்டான். அப்போது பார்த்து மைக் செத்துப்போனது.

திரும்பினால், அந்த ஆள் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நிற்கிறான். கையில் பிடுங்கிய ஒயர். கூட்டம் கொதித்துப்போய் போலீஸ் ஒழிக என்று கத்தியது. எல்லோரையும்விட உரக்கக் கத்தியவர் தங்கதுரைதான்.

போச்சு. இந்த வருஷத் திருவிழாவும் போச்சு. வீரணன் ஓடிப்போய் ஆம்ப்ளிஃபயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"ஐயா, நான் வாடகைக்கு மைக் செட் போட வந்தவன். இத மட்டும் எடுத்துட்டுப் போயிராதீங்க."

அந்த ஆள் குனிந்து ஒயரை அவன் கையில் வைத்தார்.

"கம்பெனி முதலாளிதான் புடுங்கிப் போட்டுட்டுப் போறாருங்க. சட்டுனு மாட்டி உடுங்க, அந்தப் புள்ள பேசி முடிக்கட்டும். என்ற ஊட்டுக்காரியும் அங்கதானுங்க டெய்லர்."