காலியாக இருந்த வியாழக்கிழமை

வெளிநாட்டில் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்து இறங்கிய மறுநாள், அம்மாவின் கையில் அவன் ஊர் சுற்றிப் பார்க்க ஒரு பட்டியலைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனான். புதன் மிருகக்காட்சிசாலை, வெள்ளி படகுச் சவாரி. வியாழன் மட்டும் காலியாக இருந்தது.

"வியாழக்கிழமை எங்கேம்மா?" என்று மருமகளைக் கேட்டாள்.

"இங்க ஒரு முதியோர் இல்லம் இருக்கு, அத்தை. ஒரு எட்டுப் போய்ப் பார்த்துட்டு வரலாம். அவர்கிட்ட மட்டும் சொல்லாதீங்க."

மாமியார் பட்டியலை மடித்து வைத்தாள்.

"கடைத்தெருவுக்குப் போகலாமே?"

"கடை எங்கேயும் ஓடிப்போகாது, அத்தை."

வியாழனன்று பாஸ்போர்ட்டை இடுப்பில் செருகிக்கொண்டுதான் கிளம்பினாள். இல்லத்து வாசலில் இருந்த பெண், மருமகளைப் பார்த்ததும் பழகியவள் போலச் சிரித்தாள். எல்லாம் பேசி முடித்துவிட்டாளா, படுபாவி!

"எத்தனை நாளைக்கு இங்க ரூம் எடுத்திருக்கே?"

"நீங்க ஊருக்குத் திரும்பறவரைக்கும்."

"என்னடி சொல்றே? என் பையனுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும் தெரியுமா?"

"கொண்டுவந்து விட்டதே அவர்தான்" என்று மருமகள் கதவைத் திறந்தாள்.

உள்ளே கட்டிலில் மருமகளின் அம்மா உட்கார்ந்திருந்தாள். "வாங்க சம்பந்தி, ஊரெல்லாம் சுத்திப் பார்த்தாச்சா?"

"நீங்க ஊருக்குப் போயிட்டதா சொன்னானே!"

"அம்மா இருந்த ரூம் உங்களுக்கு வேணும்னு போன வாரம்தான்..." மருமகள் தன் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

மாமியார் குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியை இழுத்தாள்.

"துணியெல்லாம் எடுத்து வைம்மா. அந்த ரூம்ல ரெண்டு பேர் தாராளமா படுக்கலாம். அவன்கிட்ட நான் பேசிக்கறேன்."