அக்கி எழுதுகிற இடம்

கண்ணாடி ஓட்டின் வழியே தறியில் நீளமாக இழுத்துக் கட்டிய பட்டு நூல் பாவின் மேல் வெயில் விழுகிறது. குழித்தறியில் உட்கார முடியாமல் துளசி நிற்கிறாள். மறைவிடத்தில் ஹெர்பிஸ் கொப்புளம். இந்த வருடத்தில் ஆறாவது தடவை. புருஷன் கன்னியப்பன் கொண்டுவந்து கொடுத்தது. மாமியாரிடம் அக்கி என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். வரும்போது மட்டும் போட்டாலும் சரி, தினமும் போட்டால் அடிக்கடி வராது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை அட்டை கையில் மினுங்குகிறது. பக்கத்துத் தறியில், ஊடை நூல் ஓட்டும் நாடாவைப் பிடித்தபடி கன்னியப்பன் குனிந்தே இருக்கிறான்.

“அக்கிக்கு எதுக்குமா மாத்திரை? குயவர கூப்டு கொப்புளத்து மேல காவி மண்ணால எழுதிக்கினா ஆறிடும்,” என்கிறாள் மாமியார்.

“கூப்புடுங்க அத்தை. மொதல்ல உங்க புள்ளைக்கு எழுதட்டும். அதுகிட்டருந்துதான் எனக்கு வந்துச்சு.”

அவன் கையிலிருந்து நாடா நழுவுகிறது. துளசி அட்டையை அவனிடம் நீட்டுகிறாள்.

“இனிமே தினமும் போடப் போறேன். காலைல தண்ணியோட நீயே எடுத்தாந்து குடு. அத்தை முன்னாடி, அவங்க பாக்கசொல்ல குடு.”