கரும்பலகையில் மைனஸ் ஒன்று

ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே முடிவில்லாமல் கூட்டினால் வருவது மைனஸ் ஒன்று என்று வைரக்கண்ணு கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினான்.

பி.எஸ்ஸி. கடைசி வருடம். மெட்ராஸில் எம்.எஸ்ஸி. படிக்க நான் ஒருவனைத்தான் சிபாரிசு செய்யலாம். நீயாக யோசித்தது ஏதாவது இருந்தால் போட்டுக் காட்டு என்று நான்தான் அவனை எழுப்பியிருந்தேன்.

"பெரிசு சிறுசுங்கறது நாம அளக்கறதுல இருக்கு சார். ஒரு எண்ணை எத்தனை தடவை பாதியாக்க முடியுதோ, அது பூஜ்யத்துக்கு அவ்வளவு கிட்டன்னு வச்சுக்குவோம். முதல் பத்து எண்ணைக் கூட்டுனா ஆயிரத்து இருபத்தி மூணு. அதாவது ஆயிரத்து இருபத்தி நாலுக்கு ஒண்ணு குறைவு. அந்த ஆயிரத்து இருபத்தி நாலு பத்துத் தடவை பாதியாகும். போகப் போக அது பூஜ்யமாவே ஆயிடும். மிஞ்சறது அந்தக் குறைஞ்ச ஒண்ணுதாங்க சார்."

வகுப்பில் ஒருவருக்கும் புரியவில்லை. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

எனக்கோ 'பெரிசு சிறுசு' என்று அவன் ஆரம்பித்தபோதே காது சூடாகிவிட்டது.

எழுபத்தொன்று, தை மாதம். அன்று காலை தஞ்சை ஜில்லாவில், குத்தாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் வயலில் அறுப்புக்கு ஆள் இறங்கவில்லை. கூலியை உயர்த்தச் சொல்லி வரப்பில் செங்கொடி. முன்னால் நின்றவர் மருதையன், வைரக்கண்ணுவின் தகப்பனார். அதுகூடப் பரவாயில்லை. ஆயுசு முழுக்க என் அப்பாவைப் பண்ணையடிமையாக 'ஆண்டே' என்று கூப்பிட்டவர் அன்று வெறும் 'அய்யா' என்றார். அப்பா சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

நான் சிரித்தேன்.

"ஏண்டா, உங்கப்பன் கூலி நெல்லை அளக்கறதும் இப்படித்தானா? கூட்டக் கூட்டக் குறையுதுன்னுதான் கொடி புடிக்கிறானா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சாரங்கபாணி என்ற பையன் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

வைரக்கண்ணு டஸ்டரைத் தேடவில்லை. உள்ளங்கையாலேயே அழித்தான். தப்புதான் போலிருக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றான்.

அந்த மன்னிப்பையும் வாங்கிக்கொண்டேன்.

மாலையே சாரங்கபாணிக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதினேன். வைரக்கண்ணு பரீட்சைக்கு வரவில்லை.

இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளவும் எனக்கு வழியில்லை. முந்தைய மே மாதம், பெங்களூரில் ஆசிரியர்களுக்கான கோடைப் பயிற்சியில், ஒரு பேராசிரியர் அதே விடையை அதே வழியில் நிரூபித்தபோது எழுந்து நின்று கைதட்டியவன் நான்.