த… த… தறி

"மனுஷன் குடிச்சிட்டு வந்துட்டாரு!"

வேதாசலத்துக்கு வேர்த்துக் கொட்டியது. மேடையில் கவியரங்கத் தலைவர் குணசேகரன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "த… த… தறி!" என்கிறார். "நூ… நூ… நூல்!" என்கிறார்.

அடுக்குமொழியில் மூச்சுவிடாமல் பொழிகிற மனிதர். அவர் தலைமை என்றால் கூட்டம் தானாகச் சேரும். அந்த நம்பிக்கையில்தான், நின்றுபோயிருந்த கவியரங்கத்தை ஆறு வருஷம் கழித்துத் திருத்தணியில் மறுபடி நடத்தினார் செயலாளர் வேதாசலம். மண்டபத்தை இலவசமாகக் கொடுத்த லுங்கி வியாபாரி ஃபக்ருதீன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு மானம் போனால் அடுத்த வருஷம் கவியரங்கமே கிடையாது.

"இன்னாங்க, ஐயாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று கேட்டார் ஃபக்ருதீன்.

"அதெல்லாம் இல்லீங்க பாய். அது ஒரு… ஸ்டைலு."

வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்தார் வேதாசலம். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது.

தலைவரோ நிறுத்துவதாக இல்லை. மேஜையில் தாளம் தட்டித் தட்டி, ஒவ்வொரு வரியையும் அப்படியே தொடங்கினார். பின்வரிசையில் முதலில் சிரித்தார்கள். தாளம் பிடிபட்டதும் அவர்களே, "நூ… நூ… நூல்!" என்று கூடச் சேர்ந்துகொண்டார்கள்.

"அட, தறி ஓடிக்கினு இருக்கிற சத்தங்க இது!" ஃபக்ருதீன் தொடையில் தட்டினார்.

முதல் கவிஞராகப் பொதட்டூர்பேட்டை சுஜாவைக் கூப்பிட்டார் தலைவர். விசைத்தறி ஓட்டுகிற பெண். முதல் மேடை. காகிதத்தோடு மைக்கின் முன் வந்து நின்றாள்.

"நெ… நெ… நெய்தவள் நான்."

கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"உ… உ… உடுத்தியவர் நீங்கள்."

மண்டபமே அவளோடு சேர்ந்து சொன்னது.

"ந… ந… நடுவில் நின்றவர் யார்?"

முதலில் கைதட்டியவர், நெய்தவளுக்கும் உடுத்தியவருக்கும் நடுவில் நிற்கிற வியாபாரி ஃபக்ருதீன்தான்! அப்புறம் மண்டபம் அதிர்ந்தது. வேதாசலத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவர் பார்க்காத கவியரங்கமா? ஒரே எழுத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லியே ஒரு சபையை இப்படிக் கட்டிப்போட முடியுமா! அவள் முடித்தபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சுஜா அழுதுகொண்டே சிரித்தாள்.

விழா முடிந்ததும் வேதாசலம் நேராகத் தலைவரிடம் போனார்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. உங்களுக்கு நாக்கு குழறிப்போச்சு. நல்ல வேளை, அந்தப் பொண்ணு அதையே பாட்டாக்கி சபையைக் காப்பாத்திச்சு. ஒரு நாளு குடிக்காம வந்திருக்கக் கூடாதாங்க?"

குணசேகரன் கோபப்படவில்லை. வெந்நீரை ஒரு வாய் குடித்தார்.

"காத்தாலயே அந்தப் பொண்ணு என்கிட்ட வந்து, என் பேரை எடுத்துடுங்கன்னு கேட்டுச்சு. அதைச் சொல்லி முடிக்கவே அஞ்சு நிமிஷம் ஆச்சுங்க."

"ஏன், இன்னா ஆச்சு?"

"பொறந்ததுலேர்ந்து திக்குவாய். உங்களுக்கே தெரியல இல்ல? அது போதுங்க."