வட்டக் கூடத்தின் சுவர்

ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடையைப் பூட்டிவிட்டு, அவள் தன் அண்ணனையும் இழுத்துக்கொண்டு, பழைய மாளிகைகளைச் சுற்றிப் பார்க்கும் குழுவோடு கிளம்பினாள். தோட்டத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் வட்டமான ஒரு கூடத்துக்குள் நுழைந்தார்கள். இந்தச் சுவரில் கிசுகிசுத்தால் எதிர்ச்சுவரில் தெளிவாகக் கேட்கும் என்றார் வழிகாட்டி. மற்றவர்கள் பேசிப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார்கள்.

அண்ணன் எதிர்ப்பக்கம் போய்ச் சுவரில் காதை வைத்தான்.

“அண்ணா, கேக்குதா? உன் குறட்டைய விட மெதுவாத்தான் பேசறேன்.”

“கேக்குது. ஏன் அழற?”

“நான் எங்க அழறேன்?” என்று அவள் சிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை. “அழாதம்மா. எங்க மாட்டிக்கிட்ட? கதவு எந்தப் பக்கம் இருக்கு?” என்று சுவரிடம் கேட்டான்.

அவள் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள்.

“விளையாடாத. வா, போலாம்.”

அவன் முகம் வெளிறியிருந்தது. அவளும் சுவரில் காதை வைத்தாள். அவளுடைய குரலேதான் சுவருக்குள்ளிருந்து விம்மியபடி கெஞ்சியது:

“அண்ணா, அவகூடப் போயிடாத. அது நான் இல்ல.”

அவள் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் கண் இமைக்காமல் அவளையே பார்த்தபடி, தன் கையை மெல்ல உருவிக்கொண்டான்.