அப்பா அடுக்கிய பை

"இந்தப் பை யாரோடது?"

ஸ்கேனர் பக்கத்தில் நின்ற பாதுகாப்பு அதிகாரியம்மா கேட்டதும் அவள் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய பைதான். வேறு யாருடையதாக இருக்கப்போகிறது?

பையைத் திறந்தார்கள். மடித்து வைத்த ஸ்வெட்டருக்குள், செய்தித்தாளில் பொட்டலமாகச் சுற்றி, ஒரு சாண் நீளத்துக்குக் கத்தரிக்கோல். பார்சல் ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் அப்பா கயிறு வெட்டிய அதே கத்தரிக்கோல்.

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். இது நாலாவது வருஷம்.

அம்மா போன பிறகு, வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு வாரம் லீவு போட்டு அப்பாவைப் பார்க்க வருகிறாள். கிளம்பும்போது கைப்பையை அடுக்குவது அப்பாவின் உரிமை. பார்சல்காரர் அல்லவா, அவர் அடுக்கினால் ஒரு கைக்குட்டை கூடக் கசங்காது. ஆனால் ஏதாவது ஒரு வேண்டாத சாமான் மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துவிடும்.

முதல் வருஷம் அம்மாவின் தையல் கத்தரிக்கோல். வெளியே ஓடி வந்து அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அடுத்த வருஷம் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். அதைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு நேராக உள்ளே போய்விட்டாள். போன வருஷம் தாத்தா காலத்து ஸ்க்ரூ டிரைவர். மறுபடியும் வெளியே ஓட்டம்.

இந்தத் தடவை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இரண்டு முறை பையைச் சோதித்தாள். அப்புறமும் எப்படி? வாசலில் டாக்ஸியை விட்டு இறங்கியதும், "இந்த வார் தளர்ந்திருக்கு, இறுக்கித் தரேன் குடு" என்று அப்பா பையை வாங்கினாரே, அப்போதுதான் இருக்க வேண்டும். கையில் எடுத்ததை எங்கே வைக்கிறோம் என்பது கூடத் தெரியாத அளவுக்கு ஆகிவிட்டாரா?

அவளுக்கு அழுகை வந்தது. அண்ணன் சொன்னது சரிதான் போலிருக்கிறது.

வேறு ஊரில் இருக்கும் அண்ணன் ஒரு மாதமாக இதையே சொல்லிக்கொண்டிருந்தான். அப்பாவுக்கு ஞாபகம் போய்விட்டது, போன வருஷம் பையில் ஸ்க்ரூ டிரைவர், நாளைக்கு அடுப்பை அணைக்க மறந்தால் என்ன செய்வது என்று. நல்ல முதியோர் இல்லமாகப் பார்த்து, விண்ணப்பத்தைக் கூட நிரப்பி வைத்துவிட்டான். அப்பாவோ, இந்த வீட்டை விட்டு நான் எங்கேயும் வரமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். நீ சம்மதித்தால்தான் கையெழுத்துப் போடுவேன், விமானம் ஏறுவதற்குள் முடிவைச் சொல் என்று காலையில்தான் அண்ணன் ஃபோன் செய்திருந்தான்.

அவள் ஃபோனை எடுத்தாள். 'நீ சொல்றதுதான் சரி அண்ணா. கையெழுத்துப் போட்டுடு' என்று தட்டினாள். அனுப்பத்தான் விரல் வரவில்லை.

"இதை இங்கேயே விட்டுட்டுப் போறீங்களா, வழியனுப்ப வந்தவங்ககிட்ட குடுத்துட்டு வரீங்களா?" என்றார் அதிகாரியம்மா.

"விட முடியாதும்மா, எங்க அப்பாவோடது. ஆனா அவர் இந்நேரம் கிளம்பியிருப்பாரே."

"கிளம்பியிருக்க மாட்டார். மூணாம் நம்பர் வாசல்ல, தூண் பக்கத்துல நிப்பார்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அதிகாரியம்மா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"போன வாரம் நான் டியூட்டி முடிஞ்சு வெளிய வரேன், இதே கத்தரிக்கோலைக் கையில வெச்சுக்கிட்டு ஒரு பெரியவர் அந்தத் தூண் பக்கத்துல நிக்கிறார். 'பாட்டில் வெச்சா தொட்டியில போட்டுட்டு உள்ள போயிடுறாம்மா. இதை வெச்சா அவளைத் திருப்பி அனுப்புவீங்களா? அவளுக்கு வம்பு எதுவும் வரக் கூடாது, விமானத்தையும் விட்டுடக் கூடாது. இன்னொரு தடவை வெளிய வந்து முகத்தைக் காட்டிட்டுப் போனாப் போதும்'னு கேட்டார். அப்படியெல்லாம் வைக்கக் கூடாது பெரியவரேன்னு கண்டிச்சுத்தான் அனுப்பினேன். எங்க கேட்டார்?"

விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே வந்துவிட வேண்டும் என்று அப்பா ஏன் வருஷா வருஷம் ஒற்றைப் பிடிவாதம் பிடிக்கிறார் என்பது இப்போதுதான் புரிந்தது.

தட்டி வைத்திருந்த செய்தியை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். 'அப்பா எங்கேயும் போக வேண்டாம். அவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு' என்று எழுதி அனுப்பினாள். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது.

தூண் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. அப்புறம் சட்டென்று ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி அதை மாற்றிக்கொண்டார்.

"அடடா, இது உள்ள போயிடுச்சா? வயசாகுதுல்லம்மா, மறந்துட்டேன்."

அவள் அப்பாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அதனால என்னப்பா. அடுத்த வருஷமும் மறக்காம எதையாவது மறந்துடுங்க."