நிக்கல் பட்டைக்குக் கீழே

எஸ்டேட் துரையின் காரிலிருந்து சிவப்பாக வடிந்துகொண்டிருந்தது. இடப்பக்கக் கதவின் அடியில், பளபளக்கும் நிக்கல் பட்டைக்குக் கீழேயிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்து, ஷெட்டுத் தரையில் ரத்தம்போலத் தேங்கி நின்றது.

பெரியமுத்து குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தான். வண்டிப்பெரியாறு மலையில் அந்த எஸ்டேட்டுக்கு இருப்பது ஒரே கார், அதற்கு அவன்தான் டிரைவர். கொழுந்துக் கூடை சுமந்த குடும்பத்தில் முதன்முதலாகக் காக்கிச் சட்டை போட்டவன். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் அந்தச் சட்டை மேல் எத்தனை கண்கள் என்று அவனுக்கும் தெரியும், அவன் பெண்டாட்டி அழகுத்தாய்க்கும் தெரியும்.

காலையில் துரை குனிந்து பார்த்தார். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. சாயங்காலத்துக்குள் காரணம் தெரிய வேண்டும், உன் கவனக்குறைவு என்றால் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மலையிறங்கு என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுத் தோட்டம் பார்க்க நடந்தே போய்விட்டார்.

தேயிலை ஃபேக்டரியிலிருந்து ஃபிட்டர் சங்கையா திருப்புளியோடு வந்தார். பட்டையின் திருகாணிகளில் இரண்டு திருகும்போதே முறிந்தன. பட்டையைத் தூக்கியதும் இரும்பு செதில் செதிலாக உதிர்ந்தது. திருப்புளியை லேசாக வைத்து அழுத்தினார். அது புற்றுமண்ணில் குத்தினமாதிரி உள்ளே இறங்கியது.

"மழை இப்படித் திங்காதுடா. மத்த மூணு கதவும் நல்லாத்தானே இருக்கு," என்றவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

பட்டையின் இடுக்கில் கட்டைவிரல் பருமனில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு செருகியிருந்தது. திருப்புளி முனையாலேயே அதை அவிழ்த்தார். கசிந்த கல் உப்பு, இரண்டு காய்ந்த மிளகாய், அவற்றுக்கு நடுவே விரல் அகலத்தில் ஒரு காக்கித் துணி. பெரியமுத்துவின் சட்டைத் துணியேதான்.

சங்கையா நாலடி தள்ளிப் போய் நின்றார். இந்த வயசுக்கு எத்தனையோ துருவைச் சுரண்டியாயிற்று, ஆளைக் குறிவைத்த துருவை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று முணுமுணுத்தார்.

யார் என்று பெரியமுத்து யோசிக்கவே இல்லை. ராமுத்தாய் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. கணவனைப் பறிகொடுத்து, கைக்குழந்தையோடு கொழுந்து கிள்ளுகிறவள். போன வருடம் அவளுடைய பால் ஆடு வளைவில் இந்தக் காரில்தான் அடிபட்டுச் செத்தது. ஒரு பிடி மண்ணை அள்ளிக் கார் மேல் எறிந்து, இந்த வண்டி மண்ணாப் போகும் என்று அவள் சபித்ததை லயமே கேட்டது. இதோ, இரும்பு கண்ணெதிரே மண்ணாகிக் கிடக்கிறதே.

"ஷெட்டுச் சாவி யாருகிட்ட இருக்கு?" என்று சங்கையா கேட்டார்.

"எங்கிட்டதாண்ணே. எங்க வீட்டு ஆணியை விட்டு நகராது."

"அப்ப அவ எப்படிடா உள்ள வந்தா?"

"செய்வினைக்காரிக்குப் பூட்டு எம்மாத்திரம்?"

சங்கையா முடிச்சைத் திருப்புளியாலேயே ஒரு பலகை மேல் தள்ளிவைத்தார். பெரியமுத்துவுக்குப் பயத்தோடு பயமாக ஒரு நிம்மதியும் வந்தது. காரணம் கிடைத்துவிட்டது, சட்டை தப்பித்தது. மனுசப் புத்தி அவ்வளவுதான்.

ஆட்களை மேய்க்கும் கங்காணி வந்தார். மலையில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த ராமுத்தாயைக் கூடையோடு இறக்கிக் கொண்டுவந்தார்கள். வேலைப் பதிவேட்டில் பேரை அடித்தாயிற்று, பொழுது சாய்வதற்குள் வீட்டைக் காலி பண்ணு என்று கங்காணி சொல்லிவிட்டார். அவள் அழவில்லை. பலகை மேல் கிடந்த முடிச்சையே வெறித்துப் பார்த்தாள்.

"கஞ்சிக்கே உப்பில்லாதவ நான். அதைக் கொண்டாந்து இரும்புல வைப்பேனாய்யா?"

கங்காணி முடிச்சை ஆற்றில் எறியச் சொன்னார். பெரியமுத்துவே கொண்டுபோய் எறிந்துவிட்டு வந்தான். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சாக்கைத் தலையில் போர்த்தி, கொட்டுகிற மழையில் அவள் குமுளி ரோட்டில் நடந்தாள். பொழுது சாய்ந்தால் யானை இறங்கும் ரோடு அது. மாட்டு வண்டிக்காரன்கூட அந்நேரத்துக்குப் போக மாட்டான்.

அரித்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, சங்கையா தகரத்தை வைத்து அடித்தார். மேலே சாயம் பூசி, நிக்கல் பட்டையைப் பழையபடி மாட்டினார். வெளிப்பார்வைக்குப் புதுக் கார்தான். துரை சுற்றி வந்து பார்த்தார், கங்காணி சொன்னதையும் கேட்டார், சரி என்று தலையாட்டினார்.

விளக்கேற்றும் நேரத்துக்குப் பெரியமுத்து வீட்டுக்கு வந்தான். சாவியை ஆணியில் மாட்டிவிட்டுச் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். தப்பித்தவன் குரல், சற்று உரக்கவே இருந்தது. அழகுத்தாய் கஞ்சி ஊற்றிக்கொண்டே கேட்டாள். காக்கித் துணி என்றதும் அகப்பை அந்தரத்தில் நின்றது.

"ராமுத்தாய் இப்ப எங்க இருப்பா?"

"இந்நேரம் காட்டுக்குள்ள போயிருப்பா. அவளை எதுக்குக் கேக்க?"

கூரைத் தகரத்தில் மழை அறைந்தது. அழகுத்தாய் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். ஆணியில் தொங்கிய சாவியைப் பார்த்தாள், பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அது செய்வினை இல்லீங்க. உங்களுக்குக் கண்ணு படக்கூடாதுன்னு, அமாவாசைக்கு அமாவாசை நான் மாத்தி மாத்தி முடிஞ்சு வச்ச உப்பு."